புல்லின் ஓய்வுக்கு யார் காசு கொடுப்பது?

காங்கயம் காளையின் படம் ஒட்டாத காரும், அச்சடிக்காத டீ-சர்ட்டும் இன்று கொங்கு நாட்டில் குறைவு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டம் அந்தத் திமிலையும் கொம்பையும் தமிழ் அடையாளமாகவே ஆக்கிவிட்டது. வாடிவாசலுக்குச் சட்டம் வந்தது. அந்த மாடு காலங்காலமாக மேய்ந்து வளர்ந்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி அன்றைக்கும் யாரும் பேசவில்லை, இன்றைக்கும் பேசுவோர் சிலரே. கொறங்காட்டில் ஒரு பகுதி மனையாகிவிட்டது. ஒரு பகுதியில் காற்றாலையும் சூரிய மின்தகடும் நிற்கின்றன. எஞ்சியதில் பெரும்பகுதி, ஆடு கடிக்கப் புல் இல்லாத கட்டாந்தரையாகிக் கிடக்கிறது.

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் அங்கே மழை குறைவு. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்தால் நல்ல ஆண்டு. மண்ணோ சரளை கலந்த செம்மண். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அங்குள்ள உழவர்கள் உருவாக்கியதுதான் கொறங்காடு. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவே ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. வெட்டி நட்ட கிளுவைக் குச்சிகள் ஒன்றோடொன்று பின்னி முள்சுவராக எழும்பிவிட்டால் பிறகு அந்த நிலத்துக்கு மேய்ப்பர் தேவையில்லை. காலையில் படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டால் சாயங்காலம்வரை அது தன்பாட்டுக்கு மேயும். கோடையில் புல் தீர்ந்தபின் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. நிலத்தைச் சிறு சிறு வேலிகளாகப் பிரித்து ஒன்றில் மேய்ச்சல் நடக்கும்போது இன்னொன்றை ஆறப்போட்டார்கள். முதலில் மாடு, மாடு மேய்ந்து விட்ட குட்டைப் புல்லுக்குப் பின்னால் செம்மறி. சில இடங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, சோளமோ கொள்ளோ போட்டு, மறுபடி புல்லுக்கு விட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்துக் கொடுத்த திட்டமல்ல இது.

அந்த ஏற்பாட்டில் இன்று முறிந்திருப்பது ஆறப்போடும் பழக்கம். கொழுக்கட்டைப் புல் ஆண்டுக்கணக்கில் வாழும் புல். மழை பெய்ததும் அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்துத்தான் முதல் தளிரை விடும். அந்தத் தளிர் இலையாகி, வெயில் குடித்து, செலவான சத்தை வேருக்குத் திருப்பித் தரச் சில வாரம் ஆகும். அதற்குள் காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதையாக மந்தை உள்ளே இறங்கிவிட்டால், புல் இரண்டாவது முறையும் கையிருப்பிலிருந்தே எடுக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கிரைடர் 1955இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது: இலைப் பரப்பில் பாதியோ அதற்கு மேலோ போனால் வேரின் வளர்ச்சியே சில நாள் நின்றுவிடுகிறது. இது வருடம் தவறாமல் நடந்தால் வேர் குட்டையாகும், தூர் சிறுக்கும், ஒரு வறட்சியில் தூரோடு கருகும். காலியான இடத்தில் ஒரு மழைக்கு முளைத்து அடுத்த மாதமே காய்ந்துபோகும் சில்லறைப் புற்களும், பிறகு சீமைக்கருவேலமும் வரும்.

இதற்குப் பழி ஆட்டின் மீதும் ஆடு மேய்ப்பவர் மீதும் விழுவது வாடிக்கை. ஆனால் நிலக் கணக்கைப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. கொறங்காட்டில் பெரும்பாலானது தனியார் பட்டா. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்ட குடும்பங்கள், நிலத்தை மந்தைக்காரருக்குக் குத்தகைக்கு விடுகின்றன. வழக்கமாக அது ஓராண்டுக் குத்தகை. அடுத்த ஆண்டு அந்த வேலி தன் கையில் இருக்குமா என்பதே தெரியாத ஒருவர், கொடுத்த காசுக்குக் கடைசிப் புல்வரை மேய்த்து முடிப்பதில் என்ன வியப்பு? நிலத்தை ஆறப்போட்டால் உடைமையாளருக்குக் குத்தகை போகும். குத்தகைக்காரருக்கு மேய்ச்சல் போகும். நட்டம் இருவருக்கும். நிலம் தேறினால் வரும் நன்மையோ, மண்ணும் நீரும் காக்கப்படுவதால், பாதி ஊருக்குப் போகிறது.

ஆகவே அழிந்த மேய்ச்சல் நிலத்தில் நாட்டுப் புல்லை மீட்பது விதை தூவும் வேலை என்றோ, வேலி போட்டு ஆட்டை விரட்டும் வேலை என்றோ நினைப்பது தவறு. அது முதலில் ஒரு செலவுக் கணக்கு. இரண்டு மழைக்காலம் புல்லுக்கு ஓய்வு தேவை. அந்த ஓய்வின் விலையை மந்தைக்காரரும் சிறு உடைமையாளரும் தங்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு கொடுக்க முடியாது. அரசுதான் கொடுக்க வேண்டும்.

கொடுப்பதற்குப் பணமில்லை என்று சொல்வதற்கில்லை. மரம் நடப் பணம் இருக்கிறது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காட்டு, மரப் பரப்பைப் பத்தாண்டில் 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்கும் இலக்கைக் கொண்டது. இலக்கில் குறையில்லை. நாட்டு மரங்களை உரிய இடத்தில் வைத்தால் யாருக்கு வருத்தம்? சிக்கல், அந்தச் சதவீதக் கணக்கில் புல்லுக்கு இடமே இல்லை என்பதுதான். வெட்டவெளியான புல்வெளியில் குழி தோண்டிக் கன்று வைத்தால் கணக்கேட்டில் அது முன்னேற்றம். கட்டாந்தரையில் கொழுக்கட்டைப் புல்லை மீட்டால் அது கணக்கிலேயே வராது. குழி தோண்டக் கூலி உண்டு, கன்று வாங்க நிதி உண்டு, தண்ணீர் ஊற்ற ஆள் உண்டு. ஒரு நிலத்தைச் சும்மா விட்டு வைத்தவருக்குப் பத்து ரூபாய் கொடுக்க எந்தத் தலைப்பிலும் வழியில்லை. புல்வெளியின் கரிமம் பெரும்பாலும் மண்ணுக்கடியில் வேரிலும் மட்கிலும் இருப்பதால் மேலே தீப்பிடித்தாலும் கீழே பெரிதும் தங்கிவிடுகிறது என்பதையாவது காலநிலைத் திட்டம் தீட்டுவோர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

மரம் நட்டே புல்வெளியைக் காக்கலாம் என்று நம்பியதன் விலையைக் கச்சு மக்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குஜராத்தின் கச்சுப் பகுதியிலுள்ள பன்னி, சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரந்த புல்வெளி; ஒரு காலத்தில் ஆசியாவின் சிறந்த மேய்ச்சல் நிலங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. உப்பு மண் பரவுவதைத் தடுக்கவென்று 1960களின் தொடக்கத்தில் வனத்துறை அங்கே சீமைக்கருவேலத்தைப் பரப்பியது. இன்று புல்வெளியில் பாதிக்கும் மேல் அந்த முள்மரத்தின் கையில். அங்கே எருமை வளர்க்கும் மால்தாரிகளின் மந்தை இரவில் தானே மேயக் கிளம்பி விடிகாலையில் வீடு திரும்பும் பழக்கம் கொண்டது. 2010இல் பன்னி எருமை தனி இனமாகவே பதிவு பெற்றது. புல் இருந்த இடத்தில் முள் நின்றால் அந்த இரவு மேய்ச்சலுக்கு வழியேது? மரத்தை வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். வேரோடு அகற்றிய இடங்களில் புல் திரும்பி வருகிறது. ஆனால் அந்த இடத்தை யார் காப்பது என்பது தீராமல் புல் நிலைக்காது. புல்வெளியை வளைத்துப் பயிர் செய்வதற்கு எதிராக அங்குள்ள கால்நடை வளர்ப்போர் சங்கம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2021இல் ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன தீர்ப்பாயம், 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக நிலத்தைக் காக்கும் உரிமை மால்தாரிகளுக்கு உண்டென்றும் கூறியது. மேய்ப்பவரை அழிப்பவராகப் பார்க்காமல் காவலராகப் பார்த்த உத்தரவு என்பதால் அது முக்கியமானது.

தமிழ்நாட்டில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 2022 மார்ச்சில் மாநிலத்தின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே அத்தடை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு சுருங்கியது. அதே ஆண்டில் அரசு வெளியிட்ட அயல் ஊடுருவல் தாவரக் கொள்கை, சீமைக்கருவேலம் போன்றவற்றை அகற்றுவதோடு அந்த இடங்களை மீட்டெடுப்பதையும் பேசியது நல்ல தொடக்கம். அகற்றிய இடத்தில் என்ன வளர வேண்டும் என்ற கேள்விக்கு, வறண்ட மாவட்டங்களைப் பொறுத்தவரை, புல் என்பதே முதல் விடையாக இருக்க வேண்டும்.

கென்யாவின் பாரிங்கோ ஏரிக் கரையில் நடந்தது இதற்குப் பாடமும் எச்சரிக்கையும் ஆகும். 1980களில் அங்கேயும் சீமைக்கருவேலம் நட்டார்கள். அதன் இனிப்புக் காயைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் கொட்டியது. அரசின் மீது வழக்குப் போட்ட இல்ச்சாமுஸ் மக்கள், பல் போன ஆடு ஒன்றையே நைரோபி நீதிமன்றத்துக்குச் சாட்சியாக ஓட்டி வந்தார்கள். அதே ஏரிப் பகுதியில் 1982 முதல் இயங்கும் ஒரு மீட்பு அமைப்பு, ஊர்களோடு ஒப்பந்தம் செய்து, இறுகிய தரையை உழுது, வேலியிட்டு, நாட்டுப் புல் விதைத்து, தேறிய நிலத்தை ஊரிடமே ஒப்படைத்தது. அங்கு விதைத்த முக்கியப் புற்களில் ஒன்று நம் கொழுக்கட்டைப் புல்லேதான். வேலி நிரந்தரமல்ல, புல் வேர்பிடித்தபின் மந்தை முறைவைத்து உள்ளே வந்தது. உலர்ந்த புல்லும் விதையும் விற்றுக் காசும் வந்தது. காசு வந்ததால்தான் வேலி பிழைத்தது என்று சொல்ல வேண்டும்.

(ஆஸ்திரேலியாவில் இதே கொழுக்கட்டைப் புல் ஊடுருவல் களை. மேய்ச்சலுக்கென்று பரப்பப்பட்ட அதைக் கட்டுப்படுத்த இன்று அங்கே வழி தேடுகிறார்கள். நாட்டுப் புல் என்பது எந்த நாட்டில் என்பதைப் பொறுத்தது.)

இதற்கெல்லாம் ஏன் மெனக்கெட வேண்டும், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இருக்கிறதே என்று கேட்போர் உண்டு. கிணற்றில் நீர் உள்ள தோட்டத்துக்கு அது அருமையான தீவனம், மறுக்க முடியாது. ஆனால் அது பாசனம் கேட்கும், உரம் கேட்கும், வெட்டிப் போட ஆள் கேட்கும். கிணறே இல்லாத காட்டில் இருபது செம்மறி வைத்திருப்பவருக்கு அது பதிலாகாது. நிரந்தரமாக வேலி போட்டுவிட்டால் புல் தானே வரும் என்பது இன்னொரு வாதம். விதை இருப்பு தீர்ந்து மேல்மண் இறுகிவிட்ட நிலத்தில் அப்படி எதுவும் தானே வராது. வந்த இடத்திலும், கடிக்க ஆளில்லாத புல் முற்றிக் காய்ந்து தன் தூரையே மூடிக்கொள்ளும். முட்செடிக்கு அது வசதி. புல்வெளிக்கு மேய்ச்சலும் வேண்டும், மேய்ச்சலிலிருந்து விடுப்பும் வேண்டும்.

நிலத்தை உண்மையாகவே ஆறப்போட்டார்களா, பணம் வாங்கிக்கொண்டு மேய்த்தார்களா என்று யார் பார்ப்பது? நியாயமான சந்தேகம். ஆனால் இதைச் சரிபார்ப்பது எளிது. கிளுவை வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே புல்லின் உயரம் தெரியும். பக்கத்து வேலிக்காரருக்கு நாள் தவறாமல் தெரியும். ஊராட்சியும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை பார்த்துச் சான்று கொடுத்தால் போதும்.

அரசு செய்ய வேண்டியது இன்னதென்று வெளிப்படையாகவே சொல்லலாம். கொறங்காட்டு உடைமையாளர் மூன்றாண்டுக்குக் குறையாத குத்தகை எழுதினால், முதல் இரண்டு மழைக்காலத்தின் குத்தகைத் தொகையை அரசே கட்டட்டும். அந்த மாதங்களில் மந்தைக்காரருக்கு மானிய விலையில் உலர்தீவனம் கொடுக்கட்டும். பட்டுப்போன கிளுவை வேலியை ஊரக வேலைத் திட்டத்தில் நட்டுத் தரட்டும். பசுமைத் திட்டங்களின் கணக்கில் மீட்ட புல்வெளிக்கென ஒரு கலம் சேர்க்கட்டும்; புல்வெளியென்று தெரிந்த இடத்தில் மரக்கன்றுக்குக் குழி தோண்டுவதை நிறுத்தட்டும். கொறங்காட்டை மனையாகவோ மின்தகட்டுப் பூங்காவாகவோ மாற்றும் விண்ணப்பங்களில் மேய்ச்சல் இழப்பு என்ற கேள்விக்குப் பதில் கேட்கட்டும். உலக நிலப்பரப்பில் பாதிக்கும் மேலான மேய்ச்சல் நிலங்களில் பாதிவரை சீர்கெட்டிருக்கலாம் என்று பாலைவனமாதல் தடுப்பு உடன்படிக்கையின் செயலகம் 2024இல் எச்சரித்தது. ஐ.நா. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்ததும் அந்தக் கவலையில்தான். அதைக் கருத்தரங்கு நடத்திக் கழிப்பதற்கு முன் ஒரு வட்டாரத்திலாவது இதைச் செய்து பார்க்கலாம்.

விதை விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. கொழுக்கட்டைப் புல்லின் விதை பஞ்சு போல மயிர் மூடியது. கையில் எடுத்தால் ஒட்டும், விதைப்புக் கருவியில் அடைத்துக்கொள்ளும். ஈர மண்ணோடு பிசைந்தோ, களிமண்ணும் சாணமும் சேர்த்து உருட்டியோதான் தூவ முடியும். புதிதாக உருவிய விதை உடனே முளைக்காது. ஆறிலிருந்து எட்டு மாதம் உறங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு ஐப்பசியில் விதைக்க வேண்டுமானால், மாசி முடிவதற்குள் விதை உருவப்பட்டுச் சாக்கில் ஏறியிருக்க வேண்டும். இன்னும் புல் நிற்கும் கொறங்காடுகளிலிருந்து, அங்குள்ள பெண்கள் குழுக்களிடம் கிலோவுக்கு விலை பேசி, அரசு தை மாதத்திலேயே கொள்முதலைத் தொடங்கினால் அடுத்த மழையைப் பிடிக்கலாம். வைகாசியில் ஒப்பந்தப்புள்ளி கோரினால் அந்த ஆண்டு போய்விடும்.