வெல்வெட் சோழனும் பாதி நெய்த சேலையும்

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம், 1973-ல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்'. தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் படம்பிடிக்க அனுமதி கிடைக்காததால், ஸ்டுடியோவில் அரங்கம் போட்டு எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் அதே கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றுக்குப் போய்விடும். நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் நூற்றாண்டுக்கணக்கில் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931-ல் எஸ்.கே.கோவிந்தசாமி அங்கேதான் கண்டறிந்தார். கருவூர்த் தேவரும் ராஜராஜனும் என்று பலரும் கருதும் இருவர் அதில் நிற்கிறார்கள். மேலே சட்டை இல்லை, அங்கி இல்லை. தூக்கி முடிந்த கூந்தலும் கொஞ்சம் அணிகளும்தான். ஆயினும், வணங்கத் தோன்றும் ஒரு கம்பீரம். சிவாஜியின் சோழனோ வெல்வெட்டிலும் சரிகையிலும் வந்தான். அந்த மாபெரும் நடிகரின் உடல்மொழிக்கு அந்தச் சுமை எதற்கு என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

அந்த உடுப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது நாடகக் கம்பெனியின் ராஜபார்ட் உடுப்பு. கொட்டகையின் கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும், காஸ் விளக்கின் மங்கலான வெளிச்சத்தில் 'இவர்தான் ராஜா' என்று தெரிய வேண்டும். ஜிகினாவும் சம்கியும் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடிக்கும். மேடைக்கு அது தேவை, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், கேமரா முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் வந்து நின்ற பிறகும் அந்த உடுப்பு மாறவில்லை. 1959-ன் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' அதன் உச்சம். 1799-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட அந்தப் பாளையக்காரரை நினைத்தால் இன்று நமக்குத் தோன்றுவது சிவாஜியின் மீசையும் தலைப்பாகையும்தான். திரைப்பட உடை ஒருவரின் உருவத்தையே வரலாற்றில் மாற்றி எழுதிவிட முடியும். அதனால்தான் ஆடை வடிவமைப்பை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) இந்த மரபிலிருந்து பெரிதும் விலகியது. ஏகா லகானியின் குழு செப்புத் திருமேனிகளைக் கூர்ந்து பார்த்திருக்கிறது என்பதைக் குந்தவையின் கொண்டை ஒன்றே சொல்லிவிடும். ஆனால், எனக்கு மிகவும் பிடித்தது அரண்மனைப் பெண்களின் ஆடை அல்ல, பூங்குழலியின் ஆடை. துடுப்பு வலிக்கிற ஒருத்தி எப்படித் துணியை இழுத்துச் செருகிக்கொள்வாளோ அப்படி இருந்தது. அது அவள் வேலையிலிருந்து பிறந்த உடுப்பு.

பிடிக்காதது, போர்க்களத்து ஆண்களின் தோல் கவசங்கள். காவிரிக்கரை வெயிலில் அவற்றைப் போட்டுக்கொண்டு அரை நாழிகை நிற்க முடியுமா என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. தைத்த மேலாடையைச் சங்க இலக்கியம் எவ்வளவு வியப்போடு பார்க்கிறது! முல்லைப்பாட்டு அதை 'மெய்ப்பை' என்கிறது. மெய்யைப் போட்டுக்கொள்ளும் பை. அதை அணிந்து வருகிறவர்களும் தமிழர்கள் அல்லர், பாசறையைக் காக்கும் யவனர்கள். நம் ஆடைச் சொற்கள் தறியை நினைவூட்டுபவை. அறுப்பதால் 'அறுவை', துணிப்பதால் 'துணி'. தறியிலிருந்து அறுத்தெடுத்ததை அப்படியே உடம்பில் சுற்றிக்கொள்வதுதான் இங்கே உடுத்தல். தையற்காரர் வருவது பிறகுதான்.

நிறமும் அப்படியே. செயற்கைச் சாயத்தின் கதையே 1856-ல் லண்டனில் பெர்கின் கண்டுபிடித்த ஊதா நிறத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் நம்மிடம் இருந்தவை அவுரி தந்த நீலம், சோழமண்டலக் கரையின் சாயவேர் தந்த சிவப்பு, மஞ்சள், நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றிய பச்சை, பிறகு பருத்தியின் சொந்த நிறம். கண்ணைக் குத்தும் ரோஜா நிறத்தில் ஒரு சோழ நாட்டுத் தோழி ஓடிவந்தால், கதையின் நூற்றாண்டு அந்த இடத்தில் அறுந்துபோகிறது.

சோழப் பெண்களுக்குத் திரையில் கச்சு கட்டுவதையோ ரவிக்கை போடுவதையோ நான் எதிர்க்கவில்லை. இன்றைய நடிகைக்கும் பார்வையாளருக்கும் உள்ள கூச்சம் மதிக்கத்தக்கது. செப்புச் சிலைகளில் அரசிகளின் மார்பு திறந்திருப்பது ஒரு காலத்தின் இயல்பு. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டதும், அதை எதிர்த்துத் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராடியதும், 1859-ல் அரச ஆணை வந்ததும் வேறொரு காலத்தின் கொடுமை. ஒரே திறந்த தோள், முதலாவதில் இயல்பு, இரண்டாவதில் அவமானம். காலப் படத்துக்கு உடை தைப்பவர் இந்த வேறுபாட்டை விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும்.

ஏழைகளின் உடை என்று வரும்போது நம் திரையுலகம் இன்னொரு பக்கம் சாய்கிறது. பாலாவின் 'பரதேசி'க்காக (2013) பூர்ணிமா ராமசாமி தேசிய விருது பெற்றார். சாக்குபோல் முரடான அந்தத் துணிகள் தேயிலைக் காட்டின் குளிரையும் பசியையும் நம் தோலில் உணரவைத்தன. தகுதியான விருதுதான். ஆனாலும் ஒரு மனக்குறை உண்டு. எல்லோரும் ஒரே மண் நிறத்தில் இருந்தார்கள். கதை நடக்கும் 1930-களின் இறுதியில் செயற்கைச் சாயம் மலிந்துவிட்டது. திருவிழாவுக்கென்று ஒரு சிவப்புச் சேலையைப் பானைக்குள் மடித்து வைத்திருந்த கூலிப் பெண் ஒருத்தியாவது இருந்திருக்க மாட்டாளா? வறுமை துணியின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆசையின் நிறத்தைக் குறைக்காது.

உடையைக் கொண்டே ஒரு வாழ்க்கையைச் சொன்ன படம் என்றால் அட்டன்பரோவின் 'காந்தி' (1982). அதற்காக ஜான் மோலோவுடன் இணைந்து ஆஸ்கர் பெற்ற பானு அத்தையா, அவ்விருதை வென்ற முதல் இந்தியர். கோட்டு சூட்டு போட்ட பாரிஸ்டர் படிப்படியாகத் துணியைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் முழங்காலுக்கு மேல் நிற்கும் ஒற்றை வேட்டியில் முடிகிறார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டில் அவர் மேலாடையைத் துறந்ததை அறிந்த நமக்கு, அந்தக் குறைப்பின் ஒவ்வொரு படியும் நெஞ்சில் தைக்கிறது. பொதுவாக வடிவமைப்பாளர்கள் சேர்த்துக்கொண்டே போவார்கள். அத்தையா கழித்துக்கொண்டே போனார்.

இத்தனைக்கும் மேலே நான் வைப்பது பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' (2008). ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற வேங்கடத்தின் வீட்டில் பட்டு கிடையாது. கூலி அப்படி. அவன் உடம்பில் கிடக்கும் வேட்டி பலமுறை துவைத்து நைந்தது, வேர்வையில் நிறம் மாறியது, அவன் உட்காரும் விதத்துக்கே மடிந்து பழகியது. புதுத் துணியின் விறைப்பு எங்கும் இல்லை. மகளுக்குப் பட்டுச் சேலையில் திருமணம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தறிக்கூடத்திலிருந்து இழை இழையாக வாய்க்குள் ஒளித்து எடுத்துவந்து, யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் நெய்கிறான். படத்தில் கண்ணைப் பறிக்கும் துணி அது ஒன்றுதான். அதுவும் முடியவில்லை. பிரகாஷ்ராஜ் அந்தப் பாதிச் சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்து மகளின் உடல்மேல் போர்த்துகிறார். முகத்தை மூட இழுத்தால் கால் வெளியே தெரிகிறது. காலை மூட இழுத்தால் முகம் தெரிகிறது.