விலை பேசும் முன் வேலை பேசுங்கள்

போன வாரம் குழந்தைகளின் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் குதிரையைப் பற்றி. "டீச்சருக்கு என்ன ஆச்சு" என்று சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் போடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறான். மூன்று மட்டக்குதிரைகளை வைத்து, மலைத் தோட்டங்களுக்கு அரிசி, உரம் ஏற்றிப் போவதும், காப்பி, மிளகு மூட்டைகளை இறக்கிக் கொண்டுவருவதும்தான் அவன் பிழைப்பு. ஜீப் போகும் பாதைகள் வந்த பிறகு வாடகை குறைந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் போன் செய்தான்.

"டீச்சர், ஒரு குதிரையைக் குடுத்துரலாம்னு இருக்கேன். மூணு பேரு கேக்குறாங்க. யாருக்குக் குடுக்கட்டும்?"

ஆறு வயதுப் பெண் குதிரை. அவனே பழக்கியது. முதலாவது ஆள் கல்யாண ஊர்வலத்துக்கும் காதுகுத்துக்கும் குதிரை வாடகைக்கு விடுபவர். இரண்டாவது ஆள், சுற்றுலா வருபவர்களை ஏற்றிச் சவாரி விடுபவர். மூன்றாவது ஆள், ரோடு போகாத ஒரு மலைக் கிராமத்து விவசாயி. கல்யாணக்காரர் மற்றவர்களைவிட எட்டாயிரம் ரூபாய் கூடுதலாகத் தருகிறார், அதுவும் ரொக்கமாக. விவசாயி பாதிப் பணம் இப்போது, மீதி காப்பி அறுவடைக்குப் பிறகு என்கிறார்.

எனக்கு உடனே என் அப்பா ஞாபகம் வந்தது. பழைய மாணவர்களுக்குக்கூட நான் சொன்னதில்லை. என் அப்பா போடி ரயில்வே ஸ்டேஷனில் குதிரை வண்டி ஓட்டினவர். மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயில் வரும் காலம். இஞ்சின் ஊதல் தூரத்தில் கேட்டதுமே எங்கள் குதிரை காதை அந்தப் பக்கம் திருப்பும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு, சமதள ரோட்டில், சீரான ஓட்டத்தில் போவதுதான் அது கற்ற வித்தை.

1978இல் எனக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். வண்டித் தொழிலும் படுத்துவிட்டது. அப்பா குதிரையை விற்றார். இன்னொரு வண்டிக்காரர் கேட்டதைவிட, செங்கல் சூளைக்காரர் ஒருவர் நூறு ரூபாய் அதிகம் கொடுத்தார். அவருக்கே கொடுத்துவிட்டார். அந்த நூறு ரூபாயும் சேர்ந்துதான் என் விடுதிக் கட்டணம்.

ஒரு வருஷத்துக்குள் அப்பா அந்தக் குதிரையை ரோட்டில் பார்த்திருக்கிறார். செங்கல் பாரம் இழுத்து இழுத்து, கழுத்தில் புண், முன்னங்கால் நொண்டல். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "விலையக் கேட்டேன், வேலையக் கேக்கலையே."

அப்பா மேல் எனக்குக் குறை இல்லை. அந்தப் பணத்தில் படித்து, முப்பத்தைந்து வருஷம் சம்பளம் வாங்கினவள் நான். ஆனால் அந்த வார்த்தையை மறக்க முடியவில்லை. அதனால்தான் மாணவனிடம், "அவசரப்படாதேப்பா, குதிரைக்கு என்ன தெரியும், அதைச் சொல்லு முதல்ல" என்றேன்.

அவன் சொன்னான். ஒற்றையடிப் பாதையில் கல் பார்த்துக் கால் வைக்கும். சுமை ஒரு பக்கம் சாய்ந்தால் தானே நின்றுவிடும். ஓடையில் தயங்காமல் இறங்கும். ஆனால் கொட்டுச் சத்தம் கேட்டால் மிரளும். ஒருமுறை கோயில் திருவிழாவில் வேட்டுப் போட்டபோது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. புது ஆட்கள் வயிற்றுப் பக்கம் தொட்டால் காலைத் தூக்கும்.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? கல்யாண ஊர்வலம் என்றால் பேண்டு, வேட்டு, கண் கூசும் விளக்கு, சுற்றிலும் சின்னப் பிள்ளைகள். அதற்கென்று சிறு வயதிலிருந்தே பழக்கின குதிரைகள் இருக்கின்றன, அவை நிற்கும். இது நிற்காது. மிரண்டால் மாப்பிள்ளைக்கும் ஆபத்து, கூட்டத்துக்கும் ஆபத்து. சவாரிக் குதிரைக்கோ நாளெல்லாம் புதுப்புது ஆட்கள் ஏறி இறங்குவதைத் தாங்கும் பொறுமை வேண்டும். இதற்கு அந்தக் குணமும் இல்லை.

தேர்தல் வேலைக்காக நான் ஒருமுறை மலைக் கிராம வாக்குச்சாவடிக்குப் போயிருக்கிறேன். பெட்டியெல்லாம் குதிரை மேல், நாங்கள் பின்னால் நடை. நான் நாலு இடத்தில் சறுக்கினேன். குதிரை ஒரு இடத்திலும் சறுக்கவில்லை. அதுவும் படிப்புதான். அந்தப் படிப்பைக் கொண்டுபோய்க் கல்யாண மண்டப வாசலில் நிறுத்தினால் வீண்.

இந்த நியாயம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிது இல்லை. கம்பம், சின்னமனூர்ப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரித்துத்தான் ஓட்டுவார்கள். பூஞ்சிட்டைப் பெரியமாட்டோடு ஓடவிட்டால் ஊரே திட்டும். குதிரை விற்கும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கே போகிறது? ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்கு ஒருமுறை போயிருந்தேன். நிறம், உயரம், சுழி, இவற்றைப் பார்த்துத்தான் பலரும் விலை பேசினார்கள். சுழியா மலை ஏறப்போகிறது? காலையும் குளம்பையும் முதுகையும் பார்க்க வேண்டும். குணத்தைப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெறும் குதிரைகளுக்கு வேறு வேலை பழக்கித் தக்க ஆளிடம் சேர்ப்பதற்காகவே, பந்தயத் துறையினர் 2000ஆம் ஆண்டில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நமக்கு அமைப்பு இல்லாவிட்டால் போகிறது, நாலு கேள்வி கேட்கலாம் அல்லவா?

வேலை பொருந்தினால் மட்டும் போதாது, வாங்குபவரையும் பார்க்க வேண்டும். விவசாயியிடம் என்ன கேட்க வேண்டும் என்று மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நடைக்கு எத்தனை கிலோ ஏற்றுவீர்கள்? சுமை மிருகங்களுக்கென்று 1965இல் போட்ட சட்ட விதிகளில் மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்றுதான் இருக்கிறது. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது. அப்புறம், லாடம் அடிக்க ஆள் உண்டா? மழைக்கு ஒதுங்கக் கொட்டகை உண்டா? வயிற்று வலி வந்தால் எந்த டாக்டரிடம் காட்டுவீர்கள்?

அதேபோல, குதிரையின் குறையையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். "சொன்னா விலை குறையுமே டீச்சர்" என்றான். குறையட்டும். காலைத் தூக்கும் குதிரை என்று தெரியாமல் வாங்குபவர் முதல் உதைக்கே அதை அடித்துத் துவைப்பார்.

"பென்ஷன் வாங்குற உங்களுக்கு என்ன டீச்சர், எட்டாயிரம் எனக்குப் பெரிய காசு" என்றும் சொன்னான். நியாயம்தான். அந்தப் பேச்சு எனக்குச் சுட்டது. என் விடுதிக் கட்டணக் கதையை அவனிடம் சொன்னது அப்போதுதான். குதிரை இருபத்தைந்து வருஷம் வரைகூட வாழும். ஆறு வயதில் தவறான இடத்தில் விட்டால், பத்துப் பன்னிரண்டு வருஷம் அது கஷ்டப்படும். எட்டாயிரம் இரண்டு மாதத்தில் செலவாகிவிடும். இதைத்தான் சொன்னேன். முடிவை அவனிடமே விட்டுவிட்டேன்.

அவன் குதிரையை ஒரு நாள் அந்த விவசாயியோடு மலைக்கு அனுப்பி, தானும் கூடவே நடந்து போய்ப் பார்த்தான். அவர் மூட்டையைத் தூக்கிப் பார்த்து எடை கணித்து, இரண்டு பக்கமும் சமமாகக் கட்டினாராம். பாதி வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டினாராம். மனசு சரியென்று சொல்லியிருக்கிறது, கொடுத்துவிட்டான். திரும்ப விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம்தான் கேட்க வேண்டும் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறான். மீதிப் பணம் இன்னும் வரவில்லை, அறுவடை முடியட்டும் என்று காத்திருக்கிறான். வராவிட்டால் என்னைத்தான் திட்டுவான். திட்டட்டும்.

இன்னும் இரண்டு குதிரைகளில் ஒன்றையும் கொடுக்கப் போகிறானாம். அது சாது, சின்னப் பிள்ளைகள் ஏறினாலும் அசையாமல் நிற்கும், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். யாருக்காவது பொருந்துமானால் கமெண்டில் எழுதுங்கள். என்ன விலை என்று கேட்காதீர்கள், என்ன வேலை என்று முதலில் எழுதுங்கள். அவனிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்