ஏ.சி. கேஸ் எங்கே போகுது?

சித்திரை வெயில் வந்தா போதும், பழனி வர்ற கார்க்காரங்க பல பேருக்கு ஒரே புலம்பல்: "கூலிங் இல்லீங்க, கேஸ் அடிக்கணும்." போன வருஷமும் அடிச்சாங்களாம்.

ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சாமான் இல்லீங்க. மூடின குழாய்க்குள்ளேயே சுத்தி வரும். ரப்பர் ஹோஸ் வழியா பல வருஷத்துல கொஞ்சம் கசியலாம். வருஷா வருஷம் குறையுதுன்னா ஓட்டைதான். வாய்க்கால் உடைப்பை அடைக்காம மோட்டார் ஓட்டுறவனை ஊரே சிரிக்கும். நீங்க அதுக்குக் காசும் குடுக்கறீங்க!

முதல்ல ஃபில்டர் அடைச்சிருக்கா, கண்டென்சர்ல புழுதி ஏறியிருக்கா, ஃபேன் சுத்துதா, கம்ப்ரசர் ஓடுதான்னு பார்க்கணும். அப்புறம் நைட்ரஜன் ஏத்திக் கசிவு தேடி அடைக்கணும். வேக்குவம் போட்டு ஈரத்தை இழுத்துட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு எடை போட்டு கேஸ் ஏத்தணும். கூடிப்போனாலும் கூலிங் குறையும்.

நம்ம கார்கள்ல பெரும்பாலும் இருக்கிறது ஆர்-134ஏ. கரியமில வாயுவை விட 1,000 மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்கும். இந்த வகை கேஸைக் குறைக்கணும்னு 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கிட்டன. 2021-ல் இந்தியாவும் ஏற்றது.

நாங்க கரும்புத் தோகை எரிச்சா புகைன்னு படம் பிடிச்சுப் போடறீங்க. போடுங்க, தப்பில்லை. உங்க காரு கசியறதுல புகை தெரியலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி மெக்கானிக்கிட்ட "ஓட்டையைக் காட்டுப்பா"ன்னு கேளுங்க. மழை தப்பினா முதல்ல காயறது எங்க காடு.