தாதியரின் எச்சரிக்கை எவர் செவியில் விழும்?



நோயாளியின் அருகில் நெடுநேரம் நிற்பவர் தாதியே என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், மருத்துவமனை எவ்வாறு இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் அவரது சொல்லுக்கு என்ன மதிப்பு உண்டு என்று நாம் கேட்பதில்லை. கேளாமைக்கு ரொறன்ரோ மாநகர் கொடுத்த விலை சிறியதன்று.

2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோது ஒன்ராறியோ அரசு பிறப்பித்த அவசரநிலை மே 17இல் நீக்கப்பட்டது. அதே மாதத்தில் நோர்த் யோர்க் பொது மருத்துவமனைத் தாதியர், தம் நோயாளிகளிடம் புதிதாகத் தென்படுவது சார்ஸாக இருக்கக்கூடும் என எச்சரித்தனர். அவர்களது ஐயம் ஏற்கப்படவில்லை. மே 23இல் இரண்டாம் அலை அறிவிக்கப்பட்டது. மாகாணத்தில் நோயுற்றோர் 375 பேர். அவர்களுள் 169 பேர் சுகாதாரப் பணியாளர்கள். மாண்ட 44 பேருள் நெலியா லரோசா, டெக்லா லின் என்னும் தாதியர் இருவரும் அடங்குவர். லரோசா, நம்மைப் போலவே வேறொரு நாட்டிலிருந்து, பிலிப்பைன்சிலிருந்து, இங்கு வந்தவர்.

நீதியரசர் ஆர்ச்சி காம்ப்பெல் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2007 சனவரியில் வெளியாயிற்று. அறிவியல் உறுதிப்பாட்டிற்காகக் காத்திராமல் பணியாளரைக் காக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நோயுற்ற தாதியர் 53 பேர் அரசின் மீது தொடுத்த வழக்கையோ, அரசுக்கு அவர்கள்பால் தனிப்பட்ட கவனக் கடப்பாடு இல்லையென 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கோவிட் வந்தது. 2020 ஏப்ரலில், என்95 முகக்கவசம் தேவையா என்பதைத் தம் தொழில்சார் மதிப்பீட்டின்படி முடிவு செய்யும் உரிமைக்காகத் தாதியர் சங்கம் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கு எதிராக நீதிமன்றம் சென்றே ஆணை பெற வேண்டியிருந்தது. பதினேழு ஆண்டுகள் கடந்தும் அதே முகக்கவசப் பிரச்சினை!

இதனைத் தனிமனிதரின் அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது. தடை சட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. ஒன்ராறியோவின் பொது மருத்துவமனைகள் சட்டம் மருத்துவர்களுக்கென மருத்துவ ஆலோசனைக் குழுவை விதிக்கின்றது. அது இயக்குநர் சபைக்கு நேரடியாகப் பரிந்துரைக்கும். தாதியருக்கு அதற்கு நிகரான குழு இல்லை. தலைமைத் தாதி நிர்வாகிக்குச் சபையில் இருக்கை உண்டு, வாக்கு இல்லை. மருத்துவப் பிரிவின் தலைவருக்கும் வாக்கில்லையே என்பர். உண்மைதான், ஆனால் அவருக்குப் பின்னால் அந்தக் குழு நிற்கின்றது. தலைமைத் தாதியோ நிர்வாகத்தின் ஊழியர். இரவுப் பணித் தாதி தெரிவு செய்த பிரதிநிதி அல்லர். நான் சார்ந்த கணினித் துறையில், பயன்படுத்துவோர் சோதித்து ஒப்பாத மென்பொருளை வெளியிட்டால் சிரிப்பார்கள்.

மத்திய அரசிலும் இதே நிலைதான். தலைமைத் தாதி அதிகாரி பதவி 2012இல் ஒழிக்கப்பட்டு, 2022இலேயே மீண்டும் உருவாக்கப்பட்டது. பெருந்தொற்றின் கடுமையான ஆண்டுகளில் அந்த நாற்காலியே இல்லை!

தொழிற்சங்கம் இருக்கின்றதே என்று வாதிடுவோர் 124ஆம் இலக்கச் சட்டமூலத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2019இல் நிறைவேறிய அது மூன்றாண்டுகளுக்கு ஊதிய உயர்வை ஆண்டுக்கு 1 சதவீதத்துக்குள் முடக்கியது. நகராட்சிக் காவல்துறையினருக்கும் தீயணைப்புப் படையினருக்கும் அது பொருந்தவில்லை. மருத்துவமனைத் தாதியருக்கு வேலைநிறுத்த உரிமையும் இல்லை. 2022 நவம்பரில் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. 2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டிலும் அரசு தோற்ற பின்னரே சட்டம் நீக்கப்பட்டது.

இனி நம்மைப் பற்றி. யூனியன்வில்லிலும் மார்க்கம் நகரெங்கும் நம் பெண்கள் பலர் தாதியராகவும் பராமரிப்புப் பணியாளராகவும் உழைக்கின்றனர். நம் முதியோர் அவர்கள் கைகளிலேயே இருக்கின்றனர். ஆனால் நம் அமைப்புகளின் சுகாதாரக் கருத்தரங்குகளில் மேடையில் மருத்துவர் அமர்வார். மண்டபத்தின் மூலையில் தாதி இரத்த அழுத்தம் அளந்துகொண்டிருப்பார். அவரைத் தேவதை என்று புகழ்வோம், பொன்னாடை போர்த்துவோம், ஒலிவாங்கியை மட்டும் கொடுக்க மாட்டோம்.

அடுத்த தேர்தலில் நம்மிடம் வாக்குக் கேட்டு வரும் மாகாணப் பாராளுமன்ற வேட்பாளர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்றைக் கேட்போம்: தாதியரே தெரிவு செய்யும் ஆலோசனைக் குழுவைப் பொது மருத்துவமனைகள் சட்டத்தில் சேர்க்க வாக்களிப்பீர்களா? அக்கேள்வியை ஒரு தாதியே கேட்கட்டும். அதற்காகவேனும் நம் கூட்டங்களை மாலை ஏழு மணிக்கு வைக்காதிருப்போம். பன்னிரண்டு மணிநேரப் பணி மாறும் வேளை அது.