பட்டியலின் கடைசிப் பெயர்கள்

கால்பந்துப் போட்டி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒவ்வோர் அணியின் பட்டியலும் வெளியாகிறது. பட்டியலைக் கையில் எடுத்தவுடன் நம் கண்கள் தேடுவது பெயர் பெற்ற ஆட்டக்காரர்களைத்தான். யார் அதிகக் கோல் போடுவார், யாருக்குப் பரிசு கிடைக்கும் என்றெல்லாம் நாளேடுகள் எழுதுகின்றன, நாமும் பேசுகிறோம். ஆனால் போட்டி முடிந்தபின் திரும்பிப் பார்த்தால், வெற்றியைத் தேடித் தந்தவர்களுள் ஓரிருவராவது அந்தப் பட்டியலில் எவர் கண்ணிலும் படாதவர்களாக இருக்கிறார்கள். "இவர் இப்படி ஆடுவார் என்று யார் கண்டார்?" என்று அனைவரும் வியக்கிறார்கள்.

உண்மையிலேயே யாராலும் காண முடியாதா? வியப்பூட்டப் போகும் ஆட்டக்காரரை முன்கூட்டியே அறிய வழியே இல்லையா? அவருடைய பெயரைச் சொல்வது கடினம். ஆனால் அவர் எந்த இடத்திலிருந்து வருவார் என்பதைச் சொல்ல முடியும் என்பதே நம் கருத்து. இதற்குச் சான்றாக இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டிலும் 2025ஆம் ஆண்டிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி அது. இருமுறையும் அதன் பயிற்சியாளர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த சரீனா வீக்மன் என்னும் பெண்மணி.

முதலில் ஓர் எளிய கணக்கு. அந்தப் போட்டியில் ஓர் அணிக்கு 23 பேர். களத்தில் இறங்குவோர் 11 பேர். ஆட்டம் தொடங்கும்போது வெளியே இருப்போர் 12 பேர். அதாவது ஆடுகிறவர்களைவிடக் காத்திருப்பவர்களே அதிகம். இந்த 12 பேரையும் நாம் "மற்றவர்கள்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம்.

முற்காலத்தில் அப்படி ஒதுக்கியதில் ஓரளவு நியாயம் இருந்தது. ஆண்களின் உலகக் கோப்பையில் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்ற முதன்முதலில் அனுமதி கிடைத்தது 1970ஆம் ஆண்டில்தான். அதுவும் இருவரை மட்டுமே. பின்னர் அது மூவராயிற்று. 2020ஆம் ஆண்டில் தற்காலிகமாக ஐவரை மாற்றலாம் என்றார்கள்; 2022ஆம் ஆண்டில் அது நிலையான விதியாகிவிட்டது. ஏறத்தாழ பாதி அணியையே நடுவில் மாற்றலாம் என்றால், பெஞ்சில் அமர்ந்திருப்பவரை இனி வெறும் துணையாள் என்று சொல்வது பொருந்தாது. களைத்துப்போன எதிரணியின் முன் கடைசி அரைமணி நேரம் ஆடுவதற்கென்றே வைக்கப்பட்டிருப்பவர் அவர். வியப்பூட்டுவோர் வரும் முதல் இடம் இந்தப் பெஞ்சுதான்.

2022ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். அந்தப் போட்டியில் இங்கிலாந்து ஆறு ஆட்டங்கள் ஆடியது. ஆறிலும் தொடக்கத்தில் இறங்கிய 11 பேர் அதே 11 பேர்தாம். ஒருவர்கூட மாறவில்லை. அப்படியானால் மற்றவர்களுக்கு வேலையே இருந்திராது என்றுதானே தோன்றும்? நடந்தது வேறு. அலெசியா ருஸ்ஸோ அந்தப் போட்டியில் நான்கு கோல்கள் போட்டார்; நான்கும் இடையில் இறங்கிப் போட்டவை. காலிறுதியில் ஸ்பெயினிடம் தோற்கும் நிலையில் இருந்தபோது 84ஆம் நிமிடத்தில் சமன் செய்தவர் எல்லா டூன். அவரும் இடையில் இறங்கியவரே. ஜூலை 31 அன்று வெம்பிளி அரங்கில் 87,192 பேர் முன்னிலையில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை இங்கிலாந்து 2-1 என்று வென்றது. அந்த இரண்டு கோல்களையும் போட்டவர்கள் டூனும் குளோயி கெல்லியும். இருவரும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள்!

இரண்டாவது இடம், பெயர் பெற்ற ஒருவருக்குப் பின்னால் நிற்பவரின் இடம். கோல்கீப்பர் வேலையில் இது நன்கு விளங்கும். மற்ற இடங்களில் இரண்டாமவருக்குப் பத்து நிமிடமாவது கிடைக்கும். கோல்கீப்பருக்கு அதுவும் கிடைப்பது அரிது. 2022ஆம் ஆண்டு அணியில் ஹன்னா ஹாம்ப்டன் இருந்தார். ஆனால் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. மேரி அர்ப்ஸ் என்னும் புகழ்மிக்க கோல்கீப்பரே எல்லா ஆட்டங்களையும் ஆடினார். 2023 உலகக் கோப்பை அணியில் ஹாம்ப்டனுக்கு இடமே கிடைக்கவில்லை. பிறவியிலேயே கண்பார்வையில் குறையுள்ளவர் அவர். சிறு வயதிலேயே அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டவர். கால்பந்து உனக்கு ஒத்துவராது என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். எனினும் அவர் பயிற்சியை விடவில்லை. சிறிது சிறிதாக அணிக்குள் திரும்பினார். 2025 மே மாத இறுதியில், போட்டிக்கு ஐந்தே வாரங்கள் இருக்கையில், அர்ப்ஸ் நாட்டு அணியிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு ஜூலை 27 அன்று பேசல் நகரில் நடந்த இறுதி ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்தபின், பெனால்டி உதைகளில் ஸ்பெயினின் இரண்டு உதைகளைத் தடுத்தவர் இதே ஹாம்ப்டன். அவற்றுள் ஒன்று, உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்று போற்றப்பட்ட அய்தானா பொன்மத்தி உதைத்தது.

மூன்றாவது இடம், "இவர் காலம் முடிந்தது" என்று எல்லோரும் கைவிட்டவரின் இடம். கெல்லியையே மீண்டும் சொல்லலாம். 2021 மே மாதத்தில் முழங்காலில் பெருங்காயம் பட்டு ஏறத்தாழ ஓராண்டு ஆடாமல் இருந்தவர், அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலைப் போட்டார். அத்துடன் கதை முடியவில்லை. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் கிளப்பில் ஆட வாய்ப்புக் குறைந்து, ஆர்சனல் கிளப்புக்குத் தற்காலிகமாக மாறினார். அந்தப் பிப்ரவரியில் நாட்டு அணிப் பட்டியல் வெளியானபோது முதலில் அவர் பெயரே இல்லை. ஐந்து மாதம் கழித்து என்ன நடந்தது? காலிறுதியில் ஸ்வீடனிடம் 0-2 என்று இங்கிலாந்து பின்தங்கியிருந்தபோது இடையில் இறங்கி, முதல் கோலுக்கு வழி செய்து கொடுத்தார். அரையிறுதியில் இத்தாலிக்கு எதிராக 119ஆம் நிமிடத்தில் வெற்றிக் கோலைப் போட்டார். இறுதி ஆட்டத்தில் சமன் செய்த கோலுக்குப் பந்தைத் தந்தவரும் அவரே. கோப்பையை உறுதி செய்த கடைசிப் பெனால்டியை உதைத்தவரும் அவரே.

நான்காவது இடம், எதிரணி இன்னும் படித்தறியாத புதியவரின் இடம். மிச்செல் அஜமாங்கிற்கு அப்போது வயது 19. போட்டிக்கு முன் நாட்டுக்காக ஒரே ஓர் ஆட்டம்தான் ஆடியிருந்தார். ஆயினும் அந்த ஒரே ஆட்டத்தில், 2025 ஏப்ரலில் பெல்ஜியத்துக்கு எதிராகக் களமிறங்கிய 41 வினாடிகளில் கோல் போட்டவர் அவர். ஸ்வீடனுக்கு எதிராக 81ஆம் நிமிடத்தில் சமன் செய்த கோலும், இத்தாலிக்கு எதிராகத் தோல்விக்கு ஒரு மூச்சு முன்னால் 96ஆம் நிமிடத்தில் வந்த கோலும் அவருடையவை. அந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கோப்பை இல்லை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தை 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பைக்குத் தேர்ச்சி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று அவ்வாறு தேர்ச்சி பெற்றது அதுவே முதன்முறை. இரண்டு கோல்களையும் போட்டவர் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த சங்கீதா பாஸ்ஃபோர். அவர் முன்வரிசை ஆட்டக்காரரல்லர், நடுக்களத்தில் ஆடுபவர். கோலை எதிர்பாராத இடத்திலிருந்து கோல் வந்தது.

இங்கே ஒரு தடை எழலாம். "நடந்து முடிந்தபின் காரணம் கூறுவது யாருக்கும் எளிது. பெஞ்சில் இருந்தவர் எல்லோருமா கோல் போட்டார்கள்? இது வெறும் அதிர்ஷ்டம்" என்று சிலர் கூறுவர். இத்தடையை நாம் தட்டிக் கழிக்கலாகாது. 2025ஆம் ஆண்டு இங்கிலாந்து அணியிலேயே ஹாம்ப்டனைத் தவிர வேறு இரு கோல்கீப்பர்கள் இருந்தனர். அவர்கள் ஒரு நிமிடமும் ஆடவில்லை. காத்திருப்போர் எல்லோருக்கும் அழைப்பு வருவதில்லை என்பது உண்மை.

ஆனால் அழைப்பு வருவதுதான் அதிர்ஷ்டம். வந்தபின் செய்வது அதிர்ஷ்டமன்று. அர்ப்ஸ் ஓய்வு பெறுவார் என்பதை ஹாம்ப்டன் தீர்மானிக்க முடியாது. அவர் ஓய்வு பெறும் நாளில் தாம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்க முடிந்தது. இந்த வேறுபாட்டை அறிந்தவர்தாம் பட்டியலைச் சரியாகப் படிக்க முடியும்.

ஆகவே இனி ஒரு பட்டியல் வந்தால் அதை மேலிருந்து கீழாகப் படிக்காமல், கீழிருந்து மேலாகப் படிப்போம். ஒவ்வொரு பெயருக்கும் நான்கு கேள்விகள் கேட்போம். இவருக்கு முன்னால் நிற்பவர் வயதானவரா, அடிக்கடி காயப்படுபவரா? முதல் 11 பேரிடம் இல்லாத ஒரு திறமை, விரைவோ உயரமோ நல்ல கிராஸோ, இவரிடம் உண்டா? கிடைத்த சிறு வாய்ப்பை முன்பு இவர் எப்படிப் பயன்படுத்தினார்? நெருக்கடியில் இவரை இறக்கும் துணிவு பயிற்சியாளருக்கு உண்டா? நான்கிற்கும் நல்ல விடை கிடைக்கும் பெயரின் கீழ்ப் பென்சிலால் ஒரு கோடு இடுவோம். 2025 ஜூலை மாதத்திற்கு முன் இக்கேள்விகளைக் கேட்டிருந்தால், அஜமாங்கின் பெயருக்குக் கீழ் ஒரு கோடு விழுந்தே இருக்கும்.

பென்சில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய ஆட்டத்தில் அஜமாங்கின் முழங்காலில் பெருங்காயம் ஏற்பட்டது. நேற்று அனைவரையும் வியக்க வைத்த பெண், காயத்திலிருந்து மீள உழைக்கும் வரிசையில் சேர்ந்தார். அவருடைய இடம் வேறொரு பெண்ணுக்குத் திறந்தது. 2027ஆம் ஆண்டுப் பெண்கள் உலகக் கோப்பை பிரேசில் நாட்டுக்கு உரியது. அதற்கு நம் கணிப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வோம்: அக்கோப்பையை வெல்லும் அணி எதுவானாலும், அதன் முக்கியமான ஓர் ஆட்டத்தையாவது தொடக்க 11 பேரில் இல்லாத ஒருத்தியே வென்று தருவாள்.

இதை இம்மலரில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. எந்தப் பள்ளியிலும் அணித் தேர்வு நாளுக்கு அடுத்த வாரம் ஒரு காட்சியைக் காணலாம். முதல் வரிசையில் தேர்வானவர்கள் மாலையில் பயிற்சிக்கு வருவார்கள். 'ரிசர்வ்' என்று பெயர் எழுதப்பட்டவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். "ஆடப் போவதில்லையே, பிறகு ஏன் வெயிலில் நிற்க வேண்டும்?" என்பது மாணவியின் எண்ணம். "அந்த நேரத்தில் நாலு கணக்காவது போடலாமே" என்பது பெற்றோரின் எண்ணம். இரண்டும் இயல்பானவையே. ஆயினும், முதல் வரிசையில் ஒருத்திக்குக் காய்ச்சல் வரும் நாளில் அந்த அணி பத்துப் பேராகத் திகைத்து நிற்பது இதனால்தான். அப்போது நாம் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்கிறோம்.

காத்திருப்பது சும்மா இருப்பது அன்று. அதுவும் ஒரு வேலை. ஆசிரியைகள் ரிசர்வ் மாணவிக்கும் பயிற்சியில் சம நேரம் கொடுக்கட்டும். சிறிய ஆட்டங்களிலாவது பத்து நிமிடம் களத்தில் நிற்க வைக்கட்டும். 41 வினாடிகளே போதும் என்று அஜமாங் காட்டவில்லையா? பெற்றோர், "நீ டீமில் இருக்கிறாயா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்று பயிற்சிக்குப் போனாயா?" என்று கேட்கட்டும். மாணவிகளாகிய நாமோ, பட்டியலில் நம் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்துச் சோர்ந்துவிடாமல், ஷூ கயிற்றை இறுகக் கட்டிக்கொண்டு மாலைப் பயிற்சிக்குப் போவோம். எந்த அணியிலும் எதிர்பாராத ஆட்டக்காரர் ஒருவர் வரத்தான் போகிறார். அவர் பயிற்சிக்கு வந்தவர்களுள் ஒருவராகத்தான் இருப்பார் என்பதை மட்டும் இப்போதே உறுதியாகச் சொல்லலாம்.