ஷிப்ட் முடிந்த பின் ஒரு சங்கீதம்

திருப்பதியில் நாள் முடிவது ஏகாந்த சேவையோடு. தாளப்பாக்கம் அன்னமய்யாவின் தாலாட்டைக் கேட்டபடி பெருமாளே உறங்கப் போகும் ஊர் அது. அதே ஊரின் சந்துகளில் இன்னொரு இரவு வழிபாடும் உண்டு. அதற்கு மணி கிடையாது, மேளமும் கிடையாது. பாயை விரித்து பைபிளைத் திறந்தால் ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், கடைசியில் பரமண்டல ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை; மங்கள வார்த்தை ஜெபம் மட்டுமே 53 முறை.

ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் 1865-ல் இந்தத் தெலுங்குப் பகுதிக்கு வந்தது. அதன் வழிவந்த தென் ஆந்திர லுத்தரன் சபைக்குத் தலைமையகம் திருப்பதிதான். சித்தூர் வந்த வழி வேறு. ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் களம் அது. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரே சித்தூர் என்பதை வேலூர்க்காரர்களே மறந்திருப்பார்கள். 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. விளைவை ஜெப வேளையில் கேட்கலாம். பாட்டி தமிழில் சொல்வார், பேத்தி பள்ளியில் படித்த தெலுங்கில் சொல்வாள். ஆமென் மட்டும் ஒன்றாக விழும்.

இப்போதைய சிக்கல் மொழியல்ல, கடிகாரம். விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று எண்ணி ஏற்பட்ட வழக்கம் இது. ஸ்ரீசிட்டியில் செல்போன் பூட்டும் பெண்ணும், கரகம்பாடியில் பேட்டரி செய்யும் இளைஞரும், ஆஸ்பத்திரி நர்ஸும் ஷிப்ட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள். கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது இரவு பதினொன்று. கால் வலி, காதில் இன்னும் மெஷின் இரைச்சல், மனதில் சூப்பர்வைசர் சொன்ன சொல். இந்த நிலையில் முழங்கால் போடுவது ஓய்வா, இன்னொரு ஓவர்டைமா?

பழைய மரபு இந்தக் கேள்வியை அறியாததல்ல. ஆதியாகமத்தின் படைப்புக் கதையில் ஒவ்வொரு நாளும் சாயங்காலத்தை முன்வைத்தே எண்ணப்படுகிறது. யூதர்களுக்கு இன்றும் நாள் பிறப்பது அந்தியில்தான். அதாவது முதலில் ஓய்வு, உறக்கம், பிறகுதான் வேலை. உழைத்துச் சம்பாதித்த கூலியாக அல்லாமல், கேட்காமலே கிடைத்த ஈவாக ஓய்வைப் பார்க்கும் கணக்கு இது. விளக்கேற்றும்போது பாடும் கிரேக்கப் பாட்டு ஒன்றை நான்காம் நூற்றாண்டிலேயே பசிலியார் பழையது என்று குறிப்பிட்டார். மடங்களில் அந்திக்கு ஒன்று, படுக்கப் போகும் முன் ஒன்று என இரண்டு வழிபாடுகள் இருந்தன. 1549-ல் இங்கிலாந்தில் கிரான்மர் இரண்டையும் ஒன்றாக்கி, ஊர் மக்களின் பேச்சுமொழியில் தந்தார். உழைக்கிறவனுக்குத் துறவியின் நேர அட்டவணை ஒத்துவராது என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

சுருக்கத்துக்கும் சங்கீதப் புத்தகத்திலேயே இடம் உண்டு. நான்காம் சங்கீதம் எட்டே வசனம்; கோபத்தை அடக்கி, படுக்கையில் தன் மனதோடு பேசி, நிம்மதியாகத் தூங்கச் சொல்வது. 134-ஆம் சங்கீதம் மூன்றே வசனம். ஆலயத்தில் இரவில் நின்று பணி செய்பவர்களுக்கானது, நைட் ஷிப்ட்காரர்களுக்கென்றே எழுதியது போல.

உடம்பும் ஒத்துழைக்கிறது. இத்தாலியின் பெர்னார்டி குழு 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. லத்தீனில் ஜெபமாலை சொன்னபோது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் லயமும் அதோடு இசைந்தது. 'ஓம் மணி பத்மே ஹூம்' என்று சொன்னவர்களுக்கும் இதே பலன்தான். விஞ்ஞானம் மூச்சைத்தான் எண்ணும், யாரை நோக்கி அந்த மூச்சு என்பது அதற்கு அப்பாற்பட்டது.

மனதில் தங்கிய கசப்புக்கு இக்னேஷியஸ் லொயோலா (1491-1556) காட்டிய வழி இன்னும் உதவும். நாளைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. முதலில் நன்றி, பிறகே குறைகள். வரிசை முக்கியம். திட்டிய சூப்பர்வைசரில் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடும். பஸ்ஸில் இடம் கொடுத்த பெண்ணில் தொடங்கினால் மேலே நகரலாம்.

ஆனால் வீட்டு ஜெபம் எல்லோருக்கும் ஓய்வாக இருப்பதில்லை. ஆண்டவரிடம் முறையிடுவது போல மகனின் மார்க்கைப் பற்றி அர்ச்சனை நடத்தும் அப்பாக்கள் உண்டு. அவர் நாற்காலியில் அமர்ந்து நீட்டி முழக்க, அவரைப் போலவே எட்டு மணி நேரம் உழைத்து வந்த மனைவி ஒரு காதை குக்கர் விசிலுக்குக் கொடுத்துக்கொண்டு முழங்காலில் இருப்பார். அடுப்பை அணைத்துவிட்டு ஜெபிக்கலாம், இல்லை அவர் அடுப்பைப் பார்க்க இவர் சுருக்கமாக முடிக்கலாம். சாயங்கால ஜெபத்தில் ஓய்வு யாருக்கு என்று கேட்பதற்கு வேதசாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை.

நைட் ஷிப்ட் நர்ஸ்களின் ஏற்பாடு வேறு. காலை எட்டு மணிக்குத் திரும்பி, திரைச்சீலையை இழுத்து மூடி, ஜன்னலுக்கு வெளியே பால்காரரும் பள்ளி ஆட்டோவும் சத்தம் போட, அவர்கள் சொல்வது இரவு ஜெபம்தான். செல்போனை அணைத்துவிட்டு, எட்டு வசனம்.