ஓடு சுமந்து வரும் அன்னியன்

மழை இறங்கியதும் ஜவ்வாது மலையில் கல்லிடுக்கிலிருந்தும் சருகுக் குவியலிலிருந்தும் நத்தைகள் வெளிக் கிளம்புகின்றன. கோடை முழுவதும் உறங்கிக் கிடந்தவை அவை. உடலில் சுரக்கும் பசையால் ஓட்டின் வாயை அடைத்துக்கொள்ளும். பசை காய்ந்து காகிதம் போல் இறுகிவிடும். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாது. மாதக் கணக்கில் உணவின்றி உயிர் தாங்கும் உபாயம் இது.

நத்தை என்றதும் குளத்தை நினைப்பவர்களே அதிகம். தரையில் வாழும் இந்த நத்தைக்குச் செவுள் கிடையாது. ஓட்டின் ஓரமாக, வலப்புறம், ஒரு சிறு துவாரம் திறந்து மூடுவதைப் பொறுமையுள்ளவர் காணலாம். அதுதான் அதன் மூச்சு வழி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சாதாரணமாகத் தென்படும் கிரிப்டோசோனா நத்தையின் ஓடு தட்டையாக, வைக்கோல் நிறத்தில் இருக்கும். இளந்தளிரை அதுவும் கடிக்கும். அதைச் சாது என்று நாம் வாதாட வரவில்லை.

நம் அச்சம் வேறொரு நத்தையைப் பற்றியது. கிழக்கு ஆப்பிரிக்காவின் ராட்சத நத்தை 20 சென்டிமீட்டர் வரை வளரும். கூர்ந்து நீண்ட ஓட்டில் பழுப்புக் கீற்றுகள் ஓடும். 1847-இல் வில்லியம் பென்சன் என்ற அதிகாரி மொரீஷியஸிலிருந்து இதைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். நத்தைகளை ஆராய்ந்த அறிஞர் அவர்! அறிஞரின் ஆசை விவசாயியின் தலையில் விடிந்தது. 1900-இல் இலங்கையில் நுழைந்தது. இன்று கேரளத்தில் வாழை, பப்பாளி, காய்கறி எதையும் விடுவதில்லை. ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டிச் சுவரையும் சுரண்டுகிறது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடும். ஒரு ஈட்டுக்கு 100, 200 கூட உண்டு. மூளைக் காய்ச்சல் உண்டாக்கும் புழுவையும் அது சுமக்கிறது.

இதை ஒழிப்பதற்காக 1955-இல் ஹவாய்த் தீவுகளில் நத்தை தின்னும் நத்தை ஒன்றை இறக்குமதி செய்தார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டு, அத்தீவின் அழகிய மர நத்தைகளைத் தேடித் தின்றது. அவற்றில் பல இனங்கள் பூண்டோடு அழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மலை ஏற இந்த நத்தைக்குச் சொந்தக் கால் வேண்டியதில்லை. நாற்றுப் பையின் மண்ணில் முட்டையாக ஒளிந்து, லாரியிலேயே ஜமுனாமரத்தூர் வரை வந்துவிடும். ஆகவே சமவெளியிலிருந்து மலைக்குப் போகும் நாற்றுகளையும் தொட்டி மண்ணையும் அடிவாரத்திலேயே சோதிக்கும்படி வனத்துறையும் தோட்டக்கலைத் துறையும் உத்தரவிட வேண்டும். மலைப் பள்ளிகளில் இரண்டு ஓடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். பிள்ளைகள் ஒரே நாளில் வித்தியாசம் கற்றுவிடுவார்கள். தட்டை ஓட்டுக்காரனை வழியில் விடலாம்.

கூர் ஓட்டு ராட்சதன் தென்பட்டால், மாலையில் ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் பரப்புங்கள். காலையில் அங்கே கூடியிருக்கும். வெறுங்கையால் தொடாமல் எடுத்து, வாளியில் உப்புக் கரைசலில் போடுங்கள். உப்பை நிலத்தில் மட்டும் தூவ வேண்டாம். சாமை விளைகிற மண் கெட்டுப்போகும்.